ஐந்து கலையும் ஒரே பேக்கேஜில்: பணம் கட்டலாமா?

கேள்வி: வணக்கம் சார். என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மாட்டுத்தாவணியில் இறங்கி வீடு வந்து சேர இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது. எங்கள் பக்கத்தில் புதிதாகத் திறந்த பயிற்சி மையத்தில் கராத்தே, ஜூடோ, குத்துச்சண்டை, முவாய் தாய், சிலம்பம் ஐந்தும் சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள். வாரம் மூன்று வகுப்பு. வருடத்துக்கு 24,000 ரூபாய், மொத்தமாகக் கட்டினால் 18,000. ஒரே வருடத்தில் பிளாக் பெல்ட் உறுதி என்கிறார்கள். தற்காப்புக்கு ஒரு கலை மட்டும் போதாது என்பது உண்மைதானா? கட்டிவிடலாமா?
- வாசகி, கே.கே.நகர், மதுரை

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம் அம்மா. ஒரு கலை போதாது என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. எட்டி நிற்கும்போது கம்பும் உதையும் உதவும். கிட்டே வந்துவிட்டால் குத்து. சட்டையையோ முடியையோ பிடித்துவிட்டால் ஜூடோ, மல்யுத்தம். கீழே தள்ளிவிட்டால் அங்கிருந்து எழத் தெரிய வேண்டும். 1993-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த பல கலைக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதும் முதல் யுஎஃப்சி போட்டியில், தரையில் மடக்கிப் பிடிக்கும் கலையான பிரேசில் ஜியு-ஜிட்சு கற்ற ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரைத் தரையில் வைத்தே பணிய வைத்தார். அவர்களில் ஒருவர் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர். அதன் பிறகுதான் குத்துபவர்கள் தரைப்பிடியையும், பிடிப்பவர்கள் குத்தையும் தேடிப் போய்க் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

ஆனால் அவர்கள் எல்லாருமே ஏதோ ஒன்றில் ஊறியபின் இன்னொன்றைச் சேர்த்தவர்கள். உங்கள் மகளின் கணக்கைப் பாருங்கள். வாரம் மூன்று மணி நேரம் என்றால் வருடத்துக்கு 150 மணி. ஐந்தாகப் பிரித்தால் ஒரு கலைக்கு 30 மணி நேரம். ஜூடோவில் அடிபடாமல் விழப் பழகவே அதில் பெரும்பகுதி போய்விடும். போதாததற்கு ஒரு கலையின் பழக்கம் இன்னொன்றோடு மோதும். குத்துச்சண்டையில் கை எப்போதும் தாடையருகே இருக்க வேண்டும். கராத்தே அடிப்படைப் பயிற்சியில் குத்தாத கையை இடுப்புக்கு இழுப்பார்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கும் பிள்ளைக்கு அவசரத்தில் எந்தக் கை எங்கே போகும்?

நம் ஊரில் இந்தக் கலப்பு புதிதல்ல. கம்பு சொல்லித் தரும் வாத்தியார்கள் பலர் வெறுங்கைச் சண்டையான குத்துவரிசையும் சேர்த்தே சொல்லித் தருவார்கள். காலடி ஒன்றாக இருப்பதால் கம்பைக் கீழே வைத்த பிறகும் கால் தடுமாறாது. இரண்டு கலைகள் ஒன்றுக்கொன்று துணையாக வருவது என்றால் இதுதான்.

சேர்க்கும் முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். சில வருடம் முன்பு என் அக்கா மகளுக்காக ஒரு மையத்தில் அப்படி உட்கார்ந்தேன். மணிக்கட்டைப் பிடித்தால் விடுவித்துக்கொள்ளும் பயிற்சி நடந்தது. ஒரு பெண் கையைத் திருப்பத் தொடங்கும்போதே பிடித்திருந்த பையனின் விரல்கள் தானாகத் திறந்துகொண்டன. மாஸ்டர் 'சூப்பர்' என்றார். அடுத்த பெண்ணுக்கும் அப்படியே. நான் எழுந்து போய், "கொஞ்சம் விடாமல் பிடியுங்க தம்பி" என்று கேட்டேன். அவன் இறுக்கியதும் அந்தப் பெண்ணால் கையை அசைக்கக்கூட முடியவில்லை. அதுவரை ஐந்து மாதம் பணம் கட்டியிருந்தாள். அவள் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. விட்டுக்கொடுக்காத ஆளிடம் பழகாத எந்தக் கலையும் தெருவில் கை கொடுக்காது. வகுப்பில் அந்தப் பழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை கலை என்று எண்ண வேண்டாம்.

பிளாக் பெல்ட் உறுதி என்றாலே நான் எழுந்து வந்துவிடுவேன். ஒழுங்காக நடக்கும் கராத்தே பள்ளிகளில் அதற்கு மூன்று, நான்கு வருடமாவது பிடிக்கும். ஒவ்வொரு பெல்ட் தேர்வுக்கும் தனிக் கட்டணம் உண்டா, சீருடை அங்கேதான் வாங்க வேண்டுமா, போட்டிக்குப் போவது கட்டாயமா என்பதையும் முதலிலேயே கேளுங்கள். 18,000 என்று சொன்னது இவற்றால் ஏறிவிடும். ஜூடோ என்றால் தரையைக் கையால் அழுத்திப் பாருங்கள். அதற்கான பாய் சுமார் நான்கு சென்டிமீட்டர் கனம் இருக்கும். குழந்தைகள் விளையாடும் மெல்லிய ரப்பர் விரிப்பில் யாரையும் தூக்கிப்போடக் கூடாது.

என் யோசனை: நல்ல ஜூடோ மாஸ்டர் கிடைத்தால் ஜூடோ, இல்லாவிட்டால் குத்துச்சண்டை. ஆறு மாதம் ஒன்று மட்டும், மாதக் கட்டணத்தில். அப்புறம் இன்னொன்றைச் சேர்க்கட்டும். ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டு அரங்கில் என்னென்ன பயிற்சி உண்டு என்றும் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். பிடியிலிருந்து விடுபட்டதும் சத்தம் போட்டுக்கொண்டு ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கு ஓட வேண்டும். நின்று சண்டை போடக் கூடாது. இதைச் சொல்லித் தராத வகுப்பு வேண்டாம். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. இரண்டையும் அவள் போனில் போட்டுவையுங்கள்.

கேள்வி: கலப்புத் தற்காப்புக் கலைக்கு ஒரு வருடப் பணம் 15,000 கட்டினேன். இரண்டே மாதத்தில் மாஸ்டர் போய்விட்டார். இப்போது உடற்பயிற்சி மட்டும்தான் நடக்கிறது. கேட்டால் 'கட்டிய பணம் திருப்பித் தரப்படாது' என்று ரசீதில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள்.
- வாசகர், திருமங்கலம்

பதில்: சொன்ன சேவையைக் கொடுக்காதவருக்கு அந்த ஒரு வரி கவசமாகாது. விளம்பர நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப்பில் பேசியது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மீதி பத்து மாதத்துக்கான 12,500 ரூபாயைக் கேட்டு, 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடும். வராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ரசீதே தராத மையங்களும் உண்டு. அதே சட்டம் அதையும் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஆகவே இனி எங்கே சேர்ந்தாலும் ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

கேள்வி: ஆறு வருடமாகக் கம்பு சுற்றுகிறேன், வயது 24. குத்துச்சண்டையும் சேர்க்க ஆசை. என்னென்ன வாங்க வேண்டும்?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: நல்ல சேர்க்கை தம்பி. தூரத்தைக் கணிக்கும் கண் உங்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். முதலில் கையில் சுற்றும் துணி, சுமார் நாலரை மீட்டர் நீளத்தில். அடுத்து, வெந்நீரில் போட்டு எடுத்துப் பல்லின் வடிவத்துக்குக் கடித்துப் பதிக்கும் பல் காப்பு. அதைக் கடன் வாங்காதீர்கள். தொங்கவிட்ட குத்து மூட்டையில் அடிக்க 12 அவுன்ஸ் கிளவுஸ் போதும். ஆளோடு மோதும் பயிற்சிக்கு 16 அவுன்ஸ். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளைக்குள் ஏற்படும் அதிர்வைத் தடுக்காது. அதைப் போட்டுக்கொண்டு வாரா வாரம் தலையில் பலமாக அடி வாங்கவிடும் மையம் என்றால் விலகிவிடுங்கள். பயிற்சி முடிந்ததும் கிளவுஸைப் பையில் திணிக்காமல் நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள். நம்ம ஊர் வேர்வைக்கு ஒரே மாதத்தில் உள்பக்கம் நாற ஆரம்பித்துவிடும்.