சின்ன கிளாஸ் கணக்கில் வருமா?

கேள்வி: அலுவலக வேலையாக அடிக்கடி வெளியூர் போகிறவன் நான். போகிற ஊரில் மாலை நேரம் பாருக்குப் போய், கிராஃப்ட் பீரில் (சிறு ஆலைகள் தங்கள் பாணியில் காய்ச்சும் பீர்) ஐந்து வகைகளைச் சின்ன கிளாஸ்களில் வாங்கி ருசி பார்ப்பேன். போதைக்காக இல்லை, ரசனைக்காகத்தான். வீட்டில் இதையும் குடி என்றே சொல்கிறார்கள். சின்ன கிளாஸ்தானே, இதெல்லாம் கணக்கில் வருமா?

பதில்: வரும். உங்கள் வீட்டார் சொல்வது சரி. வேண்டுமானால் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ருசி பார்க்கத் தரும் கிளாஸில் பெரும்பாலும் 100 முதல் 150 மில்லி பிடிக்கும். 120 என்று வைத்துக்கொண்டால் ஐந்து கிளாஸுக்கு 600 மில்லி. வெளிர் மஞ்சள் பில்ஸ்னரிலும் கோதுமை பீரிலும் ஆல்கஹால் தலா 5 சதவீதம், கசப்பு தூக்கலான ஐ.பி.ஏ.யில் 7, அதைவிடக் காட்டமான டபுள் ஐ.பி.ஏ.யில் 8, கடைசியாக வரும் கறுப்பு பீரான இம்பீரியல் ஸ்டவுட்டில் 10 சதவீதம் என்றால், உள்ளே போன ஆல்கஹால் 42 மில்லி. எடையில் சுமார் 33 கிராம். 330 மில்லி கொண்ட சாதாரண 5 சதவீத பீர் பாட்டிலில் இருப்பது 13 கிராம். ஆக, ருசி மட்டும் பார்த்ததாக நீங்கள் நினைக்கும் மாலையில் இரண்டரை பாட்டில் குடித்திருக்கிறீர்கள். ஈரல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கரைக்கும், ஆளைப் பொறுத்துக் கொஞ்சம் கூடலாம். அத்தனையும் உடம்பை விட்டுப் போக நாலு மணி நேரம் பிடிக்கும். பின்னிரவுத் தூக்கம் கெடும். காலையில் மீட்டிங்கில் உட்காரப் போவது அந்தத் தூக்கத்தோடுதான். குடிப்பதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. அது கிராஃப்ட் பீருக்கும் சேர்த்துத்தான்.

ஆனால் உங்கள் ரசனையை நான் தள்ளிவிட மாட்டேன். அதில் ரசிக்க நிறையவே இருக்கிறது. தண்ணீர், முளைகட்டிய தானியம், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ, நொதிக்கவைக்கும் ஈஸ்ட். இந்த நாலை வைத்துக்கொண்டே ஒருவர் வெளிர் மஞ்சளில் ஒன்று காய்ச்சுகிறார், இன்னொருவர் கன்னங்கரேலென்று ஒன்று. ஜெர்மனியின் பவேரியா பாணி கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். அதில் யாரும் பழமோ கிராம்போ போடுவதில்லை, அத்தனையும் ஈஸ்ட் செய்கிற வேலை. ஸ்டவுட்டில் காபி வாசனை வருவது கருக வறுத்த பார்லியால். ஹாப்ஸை ஆரம்பத்திலேயே போட்டு வெகுநேரம் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும். கடைசியில் போட்டாலோ, நொதித்தபின் ஊறவிட்டாலோ மணம் தங்கும். ஐ.பி.ஏ.க்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தில் பெரும்பங்கு இதிலிருந்துதான்.

பில்ஸ்னரைச் சாதாரணம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1842-இல், இன்றைய செக் நாட்டிலுள்ள பில்சன் நகரில் யோசெஃப் கிரோல் என்பவர் காய்ச்சியது முதல் இன்றுவரை அதைச் செய்வது கடினம். குளிரில், நிதானமாக நொதிக்க வேண்டும். வறுத்த தானியமும் அள்ளிப் போட்ட ஹாப்ஸும் இல்லாததால் சின்னப் பிசகும் நாக்கில் தெரிந்துவிடும். புதிய ஊரில் ஒரு பாரை எடைபோட முதலில் அதைக் கேளுங்கள். பில்ஸ்னரில் வெண்ணெய் வாசனை அடித்தால் காய்ச்சியதில் குறை இருக்கலாம், இல்லாவிட்டால் பாரில் பீர் வரும் குழாய் அழுக்காக இருக்கலாம். குழாயை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று பார்க்காரரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

இப்போது உங்கள் ஐந்து கிளாஸுக்கு வருகிறேன். டபுள் ஐ.பி.ஏ.யின் கசப்பு நாக்கில் ஏறிய பிறகு அடுத்ததில் பாதிகூடத் தெரியாது. ஐந்தாவதை நீங்கள் குடிக்கிறீர்கள், ருசி பார்க்கவில்லை. மூன்றோடு நிறுத்துங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பலகையில் எழுதியிருக்கும் சதவீதத்தைப் படித்து, லேசானதிலிருந்து காட்டமானதற்குப் போங்கள். முதலில் முகர்ந்து பாருங்கள், நடுவில் தண்ணீர் குடியுங்கள். ஸ்டவுட்டைக் குளிர் தணியப் பத்து நிமிஷம் வைத்திருங்கள், சில்லென்று இருந்தால் நாக்கு மரத்து மணம் எட்டாது. பிடிக்காததை முடித்தே ஆக வேண்டும் என்றில்லை, காசு போனால் போகிறது. அறைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பாதீர்கள், ஒரு கிளாஸ் என்றாலும். கூட வந்த சக ஊழியர் வேண்டாம் என்றால் ஒருமுறைக்கு மேல் கேட்காதீர்கள்.

இன்னொன்று. ஒரு பயணத்துக்கு ஒரு மாலை போதும். தினமும் போகத் தோன்றினால் அது ஓட்டல் அறையின் தனிமை இழுக்கிற இழுப்பு. அந்த மாலையில் வீட்டுக்குப் போன் போட்டுப் பேசுங்கள்.