கருந்துளையின் கணக்கு – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கருந்துளைகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். மேல்நிலை வகுப்புகளுக்கு முப்பது ஆண்டுகள் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். சமன்பாடுகளைக் கண்டு மிரள்கிறவள் அல்ல. ஆனாலும் இரண்டு இடங்களில் தடுக்கி நின்றுவிட்டேன். கருந்துளையின் என்ட்ரோபி, அதாவது அதன் ஒழுங்கின்மையின் அளவு, எங்கிருந்து வருகிறது என்பதை, அடிப்படைத் துகள்களை அதிரும் நுண் இழைகளாகக் காணும் இழைக்கோட்பாடு 1996இல் விளக்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். தேடிப் பார்த்தால், அங்கே எண்ணப்பட்டது ஐந்து பரிமாணங்களில் இருக்கிற, தாங்கக்கூடிய உச்ச அளவுக்கு மின்னூட்டம் ஏற்றப்பட்ட, வெப்பநிலையே இல்லாத ஒரு கருந்துளை என்று தெரிகிறது. வானத்தில் அப்படி ஒன்றுகூட இல்லையே? எல்.எச்.சி. துகள் மோதுவியில் மீச்சீர்மை (supersymmetry) முன்னுரைக்கும் துகள் எதுவும் அகப்படாத இந்த நிலையில், அந்த மீச்சீர்மையை ஈர்ப்போடு சேர்க்கும் மீயீர்ப்பின் தீர்வுகளை ஆராய்வது சதுரங்கப் புதிர்களை அவிழ்ப்பதைப் போன்றதுதானா? இன்னொன்று, கருந்துளையின் உள்ளே இருப்பது ஒரு பிரபஞ்சம் என்றும், ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதும் புரிந்துவிடும் என்றும் பொருள்படும் வரி. அது கவித்துவமா, கணிதமா?

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியை,
திருநெல்வேலி

அன்புள்ள ஆசிரியைக்கு,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் கேள்வியின் விடை அதற்குள்தான் இருக்கிறது. கருந்துளையின் உள்ளே ஒரு பிரபஞ்சம் என்பது கணிதம்தான். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்கு ஸ்வார்ட்ஸ்சைல்டு 1916இல் வெளியிட்ட தீர்வில், உள்ளே போனது எதுவும் திரும்ப முடியாத நிகழ்வெல்லைக்கு வெளியே காலம் ஓர் ஆயமாகவும் (coordinate) மையத்திலிருந்து அளக்கும் தொலைவு வேறோர் ஆயமாகவும் இருக்கின்றன. எல்லையைக் கடந்ததும், காலவெளியை அளக்கும் சூத்திரத்தில் இரண்டின் குறிகளும் இடம் மாறிவிடுகின்றன. தொலைவு என்று நாம் எழுதிவந்தது அங்கே காலமாகிவிடுகிறது. ஆகவே உள்ளே விழுந்தவருக்கு மையம் என்பது ஓர் இடமாக இராது, வரப்போகிற ஒரு நாளாக இருக்கும். அவரைச் சூழ்ந்த வெளி ஒரு திசையில் நீண்டுகொண்டும் மற்ற இரு திசைகளில் சுருங்கிக்கொண்டும் போகும். இந்த வடிவத்தை ஒரு பிரபஞ்சத்தின் மாதிரியாகவே எடுத்துக்கொண்டு கான்டோவ்ஸ்கியும் சாக்ஸும் 1966இல் ஆராய்ந்தார்கள். அதன் ஆயுள் அற்பமானது: சூரியனின் நிறை கொண்ட கருந்துளைக்குள் அதிகபட்சம் சுமார் 15 மைக்ரோ விநாடி, நம் பால்வீதியின் நடுவில் இருக்கிற, சூரியனைப்போல் நாற்பது லட்சம் மடங்குக்கும் சற்று மேலான நிறையுள்ள கருந்துளையைச் சுழலாததாக வைத்துக்கொண்டால், ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதல்.

மீயீர்ப்பில் இந்தக் குறிமாற்றம் ஒரு தொழில்முறையாகவே ஆகியிருக்கிறது. ஈர்ப்போடு மீச்சீர்மையைச் சேர்த்து 1976இல் உருவான இந்தக் கோட்பாட்டில், ஐன்ஸ்டைனின் ஈர்ப்புப் புலத்தோடு எண்புலங்களும் (திசையில்லாமல் ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண் மட்டுமே கொண்ட புலங்கள்) மின்காந்தப் புலத்தின் உறவினர்களும் சேர்ந்துவருவதால், சமன்பாடுகளை அப்படியே தீர்ப்பது இயலாத காரியம். எல்லாப் புலங்களும் ஒரே ஒரு மாறியை மட்டும் சார்ந்தவை என்று வைத்துக்கொண்டால் அவை சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகளாக இறங்கிவிடும். அந்த மாறியை ஆரம் என்று படித்தால் கருந்துளை, காலம் என்று படித்தால் அண்டவியல். ஒரே ஏட்டில் ஒருவர் ஒரு பக்கத்தில் கருந்துளையையும் மறுபக்கத்தில் விரிகிற பிரபஞ்சத்தையும் எழுதிவிட முடிவது இதனால்தான். ஆனால் குறியை மாற்றும்போது சில புலங்கள் கற்பனை எண்களாகிவிடும்; அவற்றை மெய்யெண்களாகத் திருப்பிக் கொண்டுவரும் வழி எல்லாத் தீர்வுகளுக்கும் வாய்ப்பதில்லை.

இதுவரை என் வரி நிற்கிறது. ‘ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதும் புரிந்துவிடும்’ என்ற பகுதிதான் நிற்கவில்லை. மின்னூட்டம் பெற்ற கருந்துளைக்கு எல்லைகள் இரண்டு: வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. ஆரம் காலமாக மாறுவது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் மட்டுமே. மின்னூட்டத்தை ஏற்ற ஏற்ற இரு எல்லைகளும் நெருங்கிவந்து, உச்ச அளவில் ஒன்றாகிவிடும். அப்போது இடைப்பகுதி இல்லை, உள்ளே பிரபஞ்சமும் இல்லை, கருந்துளையைக் கதிர்வீச வைக்கும் ஹாக்கிங் வெப்பநிலையும் சுழியம். நீங்கள் தேடிக் கண்டுபிடித்த அந்த ‘உச்ச அளவு மின்னூட்டக் கருந்துளை’ இதுதான். என் கட்டுரை உள்ளே பிரபஞ்சம் இருப்பதைச் சொல்லிவிட்டு, அடுத்த பத்தியிலேயே அப்படி ஒரு பிரபஞ்சம் இல்லாத கருந்துளையைச் சான்றாகக் காட்டியிருக்கிறது. இதை எழுதும்போது நான் கவனிக்கவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகே கவனித்தேன்.

இப்படி நேர்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. மீச்சீர்மை என்பது விசைகளைச் சுமக்கும் போசான்களையும் பொருளை ஆக்கும் ஃபெர்மியான்களையும் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சமச்சீர். அதை இரு முறை அடுத்தடுத்துச் செய்தால் கிடைப்பது காலவெளியில் ஒரு நகர்வு. ஆகவே மீச்சீர்மையின் ஒரு பகுதியையாவது காப்பாற்றிக்கொள்கிற தீர்வில், காலத்தில் நகர்ந்தாலும் எதுவும் மாறாமல் இருந்தாக வேண்டும். ஒளியின் திசையில் மட்டும் மாறுகிற சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும், விரிந்துகொண்டே போகும் ஒரு பிரபஞ்சம் அந்த விதிவிலக்குகளில் சேராது. 1996இன் எண்ணிக்கையைச் சாத்தியமாக்கியது மீச்சீர்மை. அந்த மீச்சீர்மையே காலம் ஓடுகிற தீர்வுகளைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

அந்த எண்ணிக்கை என்ன என்பதைச் சொல்லாமல் முதல் கேள்விக்குப் போக முடியாது. பெக்கன்ஸ்டைனும் ஹாக்கிங்கும் எழுபதுகளின் முற்பாதியில் கண்டது, கருந்துளையின் என்ட்ரோபி அதன் எல்லையின் பரப்பில் நான்கில் ஒரு பங்கு, இயற்கையின் மாறிலிகளால் ஆன பிளாங்க் அலகில். சூரியனின் நிறையுள்ள கருந்துளைக்கு அது ஏறத்தாழ ஒன்றுக்குப் பின் 77 சுழியங்கள். போல்ட்ஸ்மனின் பாடத்தை வகுப்பில் நடத்திய உங்களுக்கு, என்ட்ரோபி என்றால் நுண்நிலைகளின், அதாவது வெளியிலிருந்து ஒன்றுபோலவே தெரிகிற உள் அமைப்புகளின், எண்ணிக்கையின் மடக்கை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நுண்நிலைகள் எவை என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் எவராலும் காட்ட முடியவில்லை. 1995இல் அசோக் சென் இழையின் அதிர்வுகளையே எண்ணி ஒரு முதல் அடி எடுத்துவைத்தார். எண்கெழு மட்டும் பிடிபடவில்லை. 1996 ஜனவரியில் ஸ்ட்ராமிஞ்சரும் வாஃபாவும் அந்த நான்கில் ஒரு பங்கையே பிடித்துவிட்டார்கள்.

அவர்கள் செய்தது ஒரு திருகாணியைத் தளர்த்தி எண்ணுவதுதான். இழைகள் ஒன்றோடொன்று வினைபுரியும் பிணைப்பு வலிமைதான் அந்தத் திருகாணி. அது கூடுதலாக இருக்கையில் கருந்துளையாகத் தெரிகிற பொருள், வலிமையைக் குறைத்தால் டி-பிரேன் எனப்படும் சவ்வுகளின் கட்டாகத் தெரியும். அப்போது நிகழ்வெல்லை இல்லை, உள்ளிருப்பதை எண்ணலாம். வலிமையைத் திருப்பிக் கூட்டும்போது எண்ணிக்கை மாறிவிடாதா என்ற கேள்விக்கு ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே வருகிறவர்களும் போகிறவர்களும் தம்பதிகளாக மட்டுமே வந்துபோனால், மொத்தக் கூட்டம் எவ்வளவு ஏறி இறங்கினாலும் ஆண்களின் எண்ணிக்கையிலிருந்து பெண்களின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவது மாறாது. மீச்சீர்மை நிலைகளும் அப்படி இணைகளாகவே சேர்ந்து விலகுகின்றன. மாறாத அந்த வித்தியாசத்தைத்தான் எண்ணினார்கள்.

எண்ணிய விதத்தில் நமக்குப் பழக்கமான ஒருவர் வந்து நிற்கிறார். 5 என்ற எண்ணை மிகை முழு எண்களின் கூட்டுத்தொகையாக 7 வழிகளில் பிரிக்கலாம். 100ஐ 19,05,69,292 வழிகளில். பெரிய எண்களுக்கு இந்தப் பிரிவினைகள் எப்படிப் பெருகும் என்பதற்கு ராமானுஜனும் ஹார்டியும் 1918இல் ஒரு சூத்திரம் தந்தார்கள்; அதன் முதல் உறுப்பு மட்டுமே 100க்கு ஐந்து விழுக்காட்டுக்கும் குறைந்த பிழையோடு விடை தருகிறது. வட்டமாகச் சுருண்ட ஒரு பரிமாணத்தைச் சுற்றி ஓடும் உந்தத்தை அதிர்வுகளுக்கிடையே எத்தனை விதமாகப் பங்கிடலாம் என்பது அதே பிரிவினைக் கணக்கின் விரிவு. ஒரு வகைச் சவ்வின் எண்ணிக்கை, இன்னொரு வகைச் சவ்வின் எண்ணிக்கை, உந்தத்தின் அளவு ஆகிய மூன்று முழு எண்களைப் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பையால் பெருக்கினால் வருவதே நுண்நிலைகளின் எண்ணிக்கையின் மடக்கை. மீயீர்ப்புத் தீர்வின் எல்லைப் பரப்பை அளந்து நான்கால் வகுத்தாலும் அதுவே வருகிறது. ராமானுஜன் 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் அறிமுகப்படுத்திய போலித் தீட்டா சார்புகள் எனும் முடிவிலாத் தொடர்களும் பின்னாளில் நான்கு பரிமாணக் கருந்துளைகளின் கணக்கில் வந்து சேர்ந்தன. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை; எண்ணுகிற வேலை எங்கே நடந்தாலும் அந்தக் குறிப்பேடுகள் தேவைப்படுகின்றன.

சதுரங்கப் புதிரா என்று கேட்டீர்கள். மீயீர்ப்புத் தீர்வுகளை வானத்தின் வரைபடமாகப் படித்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. விண்மீன்கள் வீழ்ந்து உண்டாகும் கருந்துளைகளில் குறிப்பிடத்தக்க மின்னூட்டம் நிற்காது. அவை சுழல்கின்றன, மீச்சீர்மை அவற்றிடம் இல்லை. ஆனால் ஒரு கணக்கை இரு வழிகளில் இறுதிவரை போட்டுச் சரிபார்க்க முடிகிற இடம் வேறெங்கும் நமக்குக் கிடைக்கவில்லை, அந்த அளவில் அந்தத் தீர்வுகளை நான் மதிக்கிறேன். ஒத்துப்போனது அந்த ஒற்றை எண்ணோடு நிற்கவும் இல்லை. உச்ச மின்னூட்டத்திலிருந்து சற்றே விலகிய, எனவே மெல்லக் கதிர்வீசுகிற கருந்துளைகளின் உமிழ்வு வேகத்தை 1996இல் சுமித் தாஸும் சமீர் மாத்தூரும் சவ்வுகளின் பக்கமிருந்து கணக்கிட்டபோது, ஹாக்கிங்கின் விடையே கிடைத்தது. அதே ஆண்டில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் தர், மண்டல், வாடியா மூவரும் இதே கேள்வியில் வேலை செய்தார்கள். பரப்புக்கு அடுத்து வரும் சிறிய திருத்தம் பரப்பின் மடக்கையாக இருக்க வேண்டும். நான்கு பரிமாணத்தில் எட்டு மடங்கு மீச்சீர்மையுள்ள கோட்பாட்டில் அதன் எண்கெழு −4, நான்கு மடங்கு உள்ளதில் சுழியம் என்று மீயீர்ப்புத் துகள்களின் குவாண்டம் விளைவை மட்டும் வைத்துச் சென்னும் உடனிருந்தவர்களும் கண்டார்கள். நுண்நிலைகளை எண்ணியும் அதுவே வந்தது. 2012இல் சென் அந்த முறையைச் சாதாரண ஸ்வார்ட்ஸ்சைல்டு கருந்துளைக்கும் நீட்டினார். அங்கே எண்ணிச் சரிபார்க்க இழைக்கோட்பாட்டுக்கு வழியில்லை. ஆனால் இழைக்கோட்பாட்டின் போட்டிக் கோட்பாடான கண்ணிக் குவாண்டம் ஈர்ப்பு தந்திருந்த விடையோடு அது ஒத்துப்போகவில்லை. புதிர்விளையாட்டில் இப்படி ஒரு முரண் எழாது.

எல்.எச்.சி.யில் துகள் அகப்படாதது இந்தக் கணக்குகளைப் பொய்யாக்கவில்லை, ஏனென்றால் மீச்சீர்மை எந்த ஆற்றலில் முறிகிறது என்பதை அவை கேட்பதே இல்லை. அதே காரணத்தால், இந்தக் கணக்குகளைக் காட்டி இயற்கையில் மீச்சீர்மை இருக்கிறது என்று வாதிடவும் முடியாது. அப்படி வாதிடுகிறவர்கள்மேல் எனக்கும் வருத்தம் உண்டு.

அண்டவியல் பக்கம் நிலைமை வேறு. பிரபஞ்சத்தின் விரிவு முடுக்கம் பெறுகிறது என்று 1998இல் தெரிந்ததும், அதை மீயீர்ப்பிலிருந்து பெற வேண்டிய கட்டாயம் வந்தது. மால்டசேனாவும் நூன்யெஸும் 2000இல் ஒரு தடைத் தேற்றத்தை எழுதினார்கள்: இழைக்கோட்பாடு கேட்கும் கூடுதல் பரிமாணங்களை மாறாத, முறிவற்ற, மூடிய வடிவமாகச் சுருட்டினால், எதிர்க்குறி இழுவிசையுள்ள பொருள் எதுவும் இல்லாதவரை, என்றென்றும் முடுகுகிற டி சிட்டர் பிரபஞ்சம் கிடைக்காது. சுருட்டிய வடிவம் காலத்தோடு மாறலாம் என்று விட்டால் தேற்றம் தளர்கிறது. டவுன்சென்டும் வோல்ஃபார்த்தும் 2003இல் அப்படி ஒரு தீர்வைக் காட்டினார்கள். அதில் முடுக்கம் வருகிறது, பிரபஞ்சம் சில மடங்கு பெருகுவதற்குள் ஓய்ந்தும் போகிறது. அதே 2003இல் கச்ரு, கல்லோஷ், லிண்டே, திரிவேதி நால்வரும், சுருட்டிய பரிமாணங்களுக்குள் ஓடும் புலப்பாயம், குவாண்டம் விளைவு, சவ்வுக்கு எதிர் மின்னூட்டமுள்ள எதிர்ச்சவ்வு ஆகியவற்றை அடுக்கடுக்காகச் சேர்த்து டி சிட்டர் நிலையைப் பெறும் வழியொன்றைச் சொன்னார்கள். அது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விவாதத்தில் இருக்கிறது. என் கணிப்பில் அது நல்ல சமையல் குறிப்பு, பந்தியில் வைத்த சோறு அல்ல. 1996இல் எண்ணிக் காட்டிய அதே வாஃபா, 2018இல் வேறு மூவரோடு சேர்ந்து, நிலையான டி சிட்டர் பிரபஞ்சம் இழைக்கோட்பாட்டில் இருக்கவே முடியாது என்று ஓர் ஊகத்தை முன்வைத்தார்.

டி சிட்டர் பிரபஞ்சத்துக்கும் ஓர் எல்லை உண்டு, அதற்கும் பரப்பில் நான்கில் ஒரு பங்கு என்ட்ரோபி உண்டு என்று கிப்பன்ஸும் ஹாக்கிங்கும் 1977இல் காட்டினார்கள். நம் பிரபஞ்சத்துக்கு அது ஏறத்தாழ ஒன்றுக்குப் பின் 122 சுழியங்கள். அதன் நுண்நிலைகளை 1996இன் வழியில் எண்ண முடியவில்லை. திருகாணியைத் தளர்த்தினாலும் மாறாமல் நிற்கிற வித்தியாசத்தைத் தருவது மீச்சீர்மை. டி சிட்டரில் அது நிற்காது. மண்டபத்தில் தம்பதிகளாக மட்டும் வரவேண்டும் என்ற விதி போய்விட்டால் வாசலில் நின்று எதை எண்ணுவது?

என் கட்டுரையில் இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறேன். ‘கருந்துளையின் என்ட்ரோபி’ என்றிருந்த இடத்தில் ‘உச்ச மின்னூட்டமுள்ள, மீச்சீர்மை காக்கும் கருந்துளைகளின் என்ட்ரோபி’ என்று எழுதியாயிற்று. ‘மற்றதும் புரிந்துவிடும்’ என்ற வரியை எடுத்துவிட்டேன்.

அன்புடன்.