டாக்டர் சீட்டுக்காக மனையை அடகு வைக்காதீர்கள், கம்ப்ரஸர் அறையைப் போய்ப் பாருங்கள்

அம்மா, இங்கே மொரீசியஸில் பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி-யில் உங்கள் மகளுக்கு ரிசல்ட் வந்துவிட்டது. நல்ல மார்க்தான், ஆனால் அரசு உதவித்தொகை பெறும் முதலிடக்காரர்களின் லோரியேட் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் வீடு எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியப்பா வெளிநாட்டில் மருத்துவ சீட் பேசி வைத்திருக்கிறார்; ரோஸ் ஹில் மனையை வங்கியில் வைத்தால் முதல் வருடப் பணம் வந்துவிடும் என்கிறார். மகளோ ட்ரூ-ஓ-பிஷ் கடற்கரையில் ஆழ்கடல் டைவிங் சென்டரில் சேரப்போகிறேன் என்று பிடிவாதம். கவலை நியாயமானதுதான். ஆனால் நான் ஆறுதல் சொல்லி முடிப்பதற்குள் பணம் கட்டும் தேதி வந்துவிடும். மனையை வைக்காதீர்கள்.

மருத்துவம் நல்ல படிப்பு, மறுக்கவில்லை. அதை விரும்புகிற பிள்ளைக்கு நல்லது. ஐந்தாறு வருடப் படிப்பு, திரும்பி வந்து பயிற்சிக் காலம், மருத்துவக் கவுன்சில் பதிவு, அதற்குப் பிறகுதான் சம்பளம். அத்தனை வருடமும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டாம் வருடமே பிள்ளை மனம் விட்டுவிட்டால் மனையும் போகும், பிள்ளையும் குறுகிப்போவாள். பெரியப்பா அக்கறையில்தான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது அவர் இல்லை. ஏ.சி.சி.ஏ கணக்கியல் படிப்பு, ஐ.டி பற்றியெல்லாம் உங்கள் சொந்தக்காரர்கள் வேண்டிய மட்டும் பேசியிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

இப்போது மகளிடமும் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டும். பயணிகளைக் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்டும் வேலை மட்டும் போதாது. 2020 மார்ச்சில் மொரீசியஸ் எல்லையை மூடியது, முழுதாகத் திறக்க 2021 அக்டோபர் ஆனது. நடுவில் 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் புவாந்த் டெஸ்னி பவளத்திட்டில் ஏறி, பிறகு எண்ணெய் கசிந்தது. பயணியை மட்டும் நம்பியிருந்தவர்கள் அப்போது என்ன பாடுபட்டார்கள் என்று உங்களுக்கே தெரியும். இதோடு கடல் சூடாகிப் பவளம் வெளுப்பது வேறு.

ஆனால் நீங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாமாவின் படகு எஞ்சினைப் பிரித்துப்போட்டுக் கையெல்லாம் கிரீஸோடு வருகிறாள் என்று. புகாராக எழுதிவிட்டீர்கள். எனக்கு மிகவும் பிடித்தது அந்த வரிதான்.

எந்த டைவிங் சென்டருக்குப் பின்புறம் போனாலும் ஒரு சத்தமான அறை இருக்கும், கம்ப்ரஸர் அறை. வெளிக்காற்றைப் படிப்படியாக அழுத்தி 200 பாருக்கு மேல் கொண்டுபோகும் இயந்திரம் அது. (ஒரு பார் என்பது ஏறக்குறைய கரையில் நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம்.) பன்னிரண்டு லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2400 லிட்டர் காற்று. கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறவர், 20 மீட்டர் ஆழத்தில் மூன்று மடங்கு அழுத்தத்தில் 60 லிட்டர் இழுப்பார். 50 பாரை மிச்சம் வைத்துக்கொண்டு மேலே வர வேண்டும் என்றால் கையில் இருப்பது அரை மணி நேரம். அந்த அரை மணி நேரக் காற்று சுத்தமாக இருக்கிறதா என்பதைக் கவனிப்பது ஒரே ஒரு ஆள்.

கம்ப்ரஸர் காற்றை உறிஞ்சும் குழாய் ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்தில் இருந்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள் போய்விடும். வாசனை இருக்காது. கரையில் தலைவலியோடு போகிற அளவு, ஆழத்தில் அழுத்தம் கூடும்போது ஆளை மயக்கிவிடும். அதனால்தான் ஃபில்டரை எத்தனை மணி நேரம் ஓடியது என்று நோட்டில் எழுதி மாற்றுகிறார்கள். அப்புறம் ரெகுலேட்டர்: சிலிண்டரின் 200 பாரை முதல் நிலையில் பத்துப் பார் அளவுக்கு இறக்கி, வாயில் வைக்கும் இரண்டாம் நிலையில் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாக்கும். உப்பு காய்ந்து ஓ-ரிங் என்ற ஒரு சின்ன ரப்பர் வளையம் வெடித்தால் போதும், காற்று சீறிக்கொண்டு ஒழுகும். தினமும் நல்ல தண்ணீரில் ஊறவைப்பது, மூடியை ஈரமில்லாமல் துடைத்துப் போடுவது, உற்பத்தியாளர் சொன்ன இடைவெளியில் பிரித்துப் பாகம் மாற்றுவது, ஆக்சிஜன் கூட்டிய காற்றென்றால் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாத கருவிகள். இந்த வேலை தெரிந்த ஆள் நகரத்தில் கூப்பிட்டால் வருவார். ரொட்ரிக்ஸ் தீவிலோ, ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்றிருக்கும் மாலத்தீவிலோ யாரைக் கூப்பிடுவது? அங்கே உள்ளேயே ஒருவர் இருந்தாக வேண்டும்.

கடல் வேலை படுத்துவிட்டாலும் இது படுக்காது. தீயணைப்பு வீரர்கள் முதுகில் மாட்டும் சிலிண்டரும் இதே வகைக் கம்ப்ரஸரில்தான் நிரம்புகிறது. அழுத்தம், வால்வு, சீல் தெரிந்த கைக்கு ஹோட்டல் குளிர்பதன அறையிலும் வேலை உண்டு.

வழி இப்படிப் போகட்டும். முதலில் எம்.ஐ.டி.டி என்ற அரசுத் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் குளிர்சாதனம் அல்லது மெக்கானிக் படிப்பு. "எச்.எஸ்.சி முடித்தவள் அங்கேயா?" என்று சித்தி கேட்பார், கேட்கட்டும். பட்டம் வேண்டும் என்று மகளே சொன்னால், அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டத்துக்கு 2019 முதல் கட்டணம் இல்லை, அதையும் பார்க்கலாம். வார இறுதிகளில் டைவிங். பாடி (PADI) என்ற சர்வதேச டைவிங் பயிற்சி அமைப்பின் முறையில் ஆரம்பச் சான்று 18 மீட்டர் ஆழம் வரை. அடுத்து 30 மீட்டர். பிறகு மீட்புப் பயிற்சி. மற்றவர்களை வழிநடத்தும் டைவ்மாஸ்டர் சான்றுக்கு வயது 18 ஆகியிருக்க வேண்டும், 40 டைவ் முடித்துச் சேரலாம், சான்று வாங்க 60 வேண்டும். பயிற்றுநர் படிப்புக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொல்லி யாராவது பாக்கேஜ் நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு சான்று முடித்து, கொஞ்சம் சம்பாதித்து, அடுத்ததைக் கட்டட்டும். இதற்கு ஒரு ரூபாய்கூடக் கடன் வேண்டாம். மருத்துவத்துக்கு நான் சொன்னது இதற்கும்தான்.

"பெண் பிள்ளை கடலுக்குள் போவதா" என்ற பேச்சுக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. சென்டரில் சுற்றுலா ஆணைய உரிமம் மாட்டியிருக்கிறதா, படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, ஃபில்டர் மாற்றிய நோட்டைக் காட்டுகிறார்களா என்று கேளுங்கள், அது உபயோகமான பயம். சின்ன வயதில் அவளுக்கு வீஸிங் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பணம் கட்டும் முன் டைவிங் மருத்துவப் படிவத்தில் அதை மறைக்காமல் எழுதி, டாக்டரிடம் காட்டுங்கள். அவர் இறங்கக் கூடாது என்றால் இறங்கக் கூடாது. கம்ப்ரஸர் அறை கரையில்தான் இருக்கிறது, அந்த வேலைக்கு அது தடையில்லை.