கும்பகோணத்துக்காரருக்கு அரிசிம்பருப்பு

அண்ணா, வணக்கம்ங்க.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. சொந்த ஊர் காங்கயம் பக்கம். கூட வேலை பார்க்கும் பெண் ஒருவரை வருகிற ஞாயிறு மதியம் என் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருக்கிறேன். இரண்டு பேர் மனதிலும் இருக்கிறது, இன்னும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருக்குக் கும்பகோணம், முட்டைகூடத் தொடமாட்டார். எனக்கு உருப்படியாகச் செய்யத் தெரிந்தது பள்ளிபாளையம் சிக்கன் ஒன்றுதான். அதனால் யூடியூப் பார்த்து பனீர் டிக்கா, பாஸ்தா, கடைசியில் ஜெல்லி புட்டிங் என்று முடிவு செய்திருக்கிறேன். அசத்திவிடலாம்தானே?

பெயர் வேண்டாம், திருப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

மூன்றையும் விட்டுவிடுங்கள். கறி சாப்பிடாதவர்களுக்கு ஆபீஸ் விருந்து, கல்யாண ரிசப்ஷன் என்று எங்கே போனாலும் தட்டில் விழுவது பனீர்தான். ஜெல்லியில் வேறு ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஜெலட்டின் மாட்டுத் தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து எடுப்பது. கடல்பாசியில் செய்வதும் உண்டு, ஆனால் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துப் பச்சைப் புள்ளி தேடுகிற வேலை உங்களுக்கு எதற்கு?

சாம்பாரும் காபியும் வேண்டாம். அந்த ஊர்க்காரரிடம் அதில் நாம் ஜெயிக்க முடியாது. அவர் வீட்டில் இல்லாதது நம் அடுப்பில் நிறைய இருக்கிறது. நம் பக்கம் கறி வாரத்துக்கு ஒருநாள்தான், மிச்ச நாளெல்லாம் பருப்பும் பயறும் கீரையும்தானே. அந்த மிச்ச நாள் சாப்பாட்டைப் போடுங்கள். முக்கியமானது அரிசிம்பருப்பு.

ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு, நாலு டம்ளர் தண்ணீர். கடலெண்ணெயில் கடுகு, சீரகம், மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை. சின்ன வெங்காயம் ஒரு கை நிறைய, முழுசாகவே போடலாம். பூண்டு ஏழெட்டுப் பல், ஒரு தக்காளி, மஞ்சள் தூள். மூன்று விசில். மூடியைத் திறந்ததும் கொஞ்சம் தளர இருக்க வேண்டும், தட்டுக்கு வருவதற்குள் தானாக இறுகிவிடும். பக்கத்தில்தான் ஊத்துக்குளி, வெண்ணெய் வாங்கி அன்று காலையிலேயே உருக்கிக்கொள்ளுங்கள். சோற்றின் நடுவில் குழி பறித்து நெய் ஊற்றினால் போதும், பனீருக்கு வேலையே இல்லை. ஒன்று மட்டும் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்: வெங்காயம், பூண்டு சாப்பிடுவாரா? சில வீடுகளில் இல்லை. அவை இல்லாத அரிசிம்பருப்பு, என்னைக் கேட்டால், பொங்கலுக்குத் தூரத்துச் சொந்தம்.

இனி உங்கள் குக்கர். அதில் கோழி வெந்திருக்கிறதா? பல வருடம் முன்பு நானும் இதே மாதிரி ஒருவரைச் சாப்பிட அழைத்தேன். குக்கரைப் புளி போட்டு மூன்று தடவை தேய்த்தேன். மூடிக்குள் இருந்த காஸ்கெட்டை மறந்துபோனேன். அந்த ரப்பர் வளையம் போன வாரத்து ஆட்டுக்கறி வாசத்தைப் பத்திரமாக வைத்திருந்தது. அவர் இரண்டு வாய் சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார், வயிறு சரியில்லை என்றார். வீட்டில் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) கறிச்சட்டியைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. புது காஸ்கெட் ஒன்று வாங்குங்கள், பெரிய செலவில்லை. ஆம்லெட் போட்ட தோசைக்கல்லையும் அன்று எடுக்க வேண்டாம்.

உங்கள் பள்ளிபாளையம் கைவரிசையை வீணாக்க வேண்டியதில்லை. அதில் மசாலாத் தூளே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். விதை உதிர்த்த வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, மஞ்சள், உப்பு, அவ்வளவுதான். கோழிக்குப் பதில் சேனைக்கிழங்கை முக்கால் வேக்காடு வேகவைத்துப் போடுங்கள். காளான் சாப்பிடுவார் என்றால் பால் காளான் நல்லது, அதன் தண்டு வெந்தாலும் குழையாது. தண்ணீர் தெளிக்காமல் பெரிய தீயில் பிரட்டி, உப்பைக் கடைசியில் போடுங்கள். ஆனால் சாப்பிடும்போது "சிக்கன் மாதிரியே இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பிறந்ததிலிருந்து தொடாதவருக்கு அது பாராட்டாகக் கேட்காது. இன்னொன்று, அவர்கள் பக்கம் வாழைக்காய் வதக்கலும் கறிதான். "கறி செஞ்சிருக்கேன்" என்று நீங்கள் சொன்னாலும் குழப்பம், அவர் சொன்னாலும் குழப்பம்.

கொள்ளு முதல் தடவையே வேண்டாம். பழகாத வயிற்றுக்குக் கனம்.

அப்புறம் இனிப்பு. ஒப்புட்டு (அவர் ஊரில் போளி) தட்டுவதற்குக் கைப்பழக்கம் வேண்டும், நீங்கள் சந்தகை செய்யுங்கள். அவர் ஊரில் இடியாப்ப மாவைப் பிழிந்துவிட்டு வேகவைப்பார்கள். நாம் அரிசியை ஊறவைத்து அரைத்து, இட்லி மாதிரி வேகவைத்து, அதைச் சுடச்சுடப் பிழிகிறோம். ஆறிவிட்டால் அச்சில் இறங்காது, எத்தனை பலம் கொடுத்தாலும் இறங்காது. அதனால் தனி ஆளாகச் செய்ய முடியாத பலகாரம் அது. ஒருவர் ஆவி பறக்க எடுத்துப் போட வேண்டும், இன்னொருவர் அழுத்த வேண்டும். தேங்காய்ப்பாலையும் நாட்டுச்சர்க்கரையையும் தயாராக வைத்துவிட்டு, பிழிவதை மட்டும் அவர் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளியை வேலை வாங்குவதா என்று தயங்க வேண்டாம். நீங்கள் அடுக்களையிலும் அவர் கூடத்தில் போனைப் பார்த்துக்கொண்டும் இருப்பதைவிட இது மேல்.

சந்தகை அச்சு உங்கள் அறையில் இருக்காது. சனிக்கிழமை காங்கயம் போய் வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள். யாருக்கு என்று அம்மா கேட்பார். அதற்கு என்னிடம் பக்குவம் இல்லை தம்பி.