கையெழுத்து வாங்கியாயிற்று, அப்புறம்?

அன்புள்ள ஐயா,

நகரத்து ஓரக் குடியிருப்பு ஒன்றில் எட்டு மாதமாகப் புகைப்படம் எடுக்கிறேன். எல்லாரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். கண்காட்சி நெருங்க நெருங்க, இவர்களுடைய வறுமையை விற்கிறேனோ என்று மனசு உறுத்துகிறது. விட்டுவிடலாமா?

ர.

அன்புள்ள ர,

விடாதீர்கள். லூயிஸ் ஹைன் 1908 முதல் அமெரிக்க ஆலைகளிலும் சுரங்கங்களிலும் குழந்தைத் தொழிலாளர்களைப் படம் எடுத்தார். முடிந்தவரை பெயர், வயது எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார், உயரத்தைத் தன் கோட்டுப் பொத்தான்களை வைத்தே கணக்கிட்டார். குழந்தை உழைப்புக்கு எதிராகப் பேசியவர்களுக்கு அந்தப் படங்களும் குறிப்புகளும் பெரிய பலம்.

ஆனால் உங்கள் உறுத்தல் சரியானதுதான். அந்தக் கையெழுத்துக்கு, அதைப் போட்டவர் அன்றைக்கு உங்களை நம்பினார் என்பதற்கு மேல் பொருள் கிடையாது. படம் எங்கெல்லாம் போகும் என்று உங்களுக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்?

டொரோதியா லாங்கே 1936இல் கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில், குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு தாயைச் சில நிமிடங்களில் எடுத்துவிட்டுக் கிளம்பினார். பெயர் கேட்கவில்லை. அரசாங்கத்துக்காக எடுத்த படம், உலகமே பார்த்தது, முகாமுக்கு உணவும் அனுப்பினார்கள், ஆனால் அது வருவதற்குள் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது. அந்தத் தாய் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று வெளியே தெரிந்தது 1978இல்தான். தனக்கு அதில் ஒரு காசும் வரவில்லை என்று வருத்தப்பட்டார். லாங்கே கெட்ட எண்ணத்தோடு எடுத்தார் என்று நான் நினைக்கவே இல்லை. திரும்பிப் போகவில்லை, அவ்வளவுதான்.

திரும்பிப் போனவர் மில்டன் ரோகோவின். அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் கண்ணாடிக்குக் கண் பரிசோதிப்பதுதான் அவர் தொழில். 1972இல் அங்குள்ள ஏழைத் தெருக்களில் எடுக்க ஆரம்பித்து, முப்பது வருஷத்தில் பலரை மறுபடி மறுபடி தேடிப்போய் எடுத்தார், படத்தின் பிரதியை அவர்கள் கையில் கொடுத்தார். அந்தத் தொடரில் ஒரே ஆள் இளைஞராக, பெற்றோராக, தாத்தாவாக நிற்பதைப் பார்க்கும்போது ஏழை என்ற அடையாளம் எனக்கு மறந்தே போகிறது.

நானும் ஒரு கட்டுரைக்காக ஒரு பாட்டியைப் படம் எடுத்தேன். அச்சானதும் கொண்டுபோய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சொல்லியிருந்தா தலை வாரிக்கிட்டு வந்திருப்பேனே" என்றார். பரட்டைத் தலைதான் படத்தின் அழகு என்று நினைத்திருந்தேன், அவருக்கு அது அவமானம். அன்றைக்கு வந்த வலி இன்னும் போகவில்லை.

அதனால் கண்காட்சிக்கு முன்னால் எல்லாப் படங்களையும் அங்கே கொண்டுபோய்த் தரையில் பரப்பி வையுங்கள். நீங்கள் பேசாதீர்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்வதை எடுத்துவிடுங்கள், உங்களுடைய ஆகச் சிறந்த படமாக இருந்தாலும். படத்துக்குக் கீழே என்ன எழுதலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும், கண்காட்சித் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று இன்றைக்கே பேசிவிடுங்கள்.