அந்தத் துப்பாக்கிக்குப் படலம் தெரியாது

காசிமேட்டில் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் மீன் வெட்டும் மேசை செய்து கொடுத்தேன். இரண்டே மாதத்தில் வெல்டிங் ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளி. வாங்கியவர் போலி ஸ்டீல் என்கிறார். எக்ஸ்ரேயில் ஆக்சைடு படலத்தைச் சோதித்து ரிப்போர்ட் தருவதாக ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். எடுக்கலாமா?"

எந்த எக்ஸ்ரே என்று முதலில் அவரிடம் கேளுங்கள். துப்பாக்கி மாதிரி கையில் பிடித்துச் சுடுவது எக்ஸ்.ஆர்.எஃப்., உலோகத்தில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்கும் கருவி. 304-க்கு உரிய குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் இருக்கிறதா என்று சில நொடியில் சொல்லிவிடும், போலியா இல்லையா என்கிற சண்டை அதோடு தீர்ந்தது. ஆனால் அது பார்ப்பது பல மைக்ரான் ஆழம். துருவைத் தடுக்கும் குரோமியம் ஆக்சைடு படலமோ இரண்டு மூன்று நானோமீட்டர், ஆயிரம் நானோமீட்டர் சேர்ந்தால்தான் ஒரு மைக்ரான். துறைமுகத் தண்ணீரில் மிதக்கிற டீசல் படலத்தைக் கயிறு விட்டு அளக்க முடியுமா?

படலத்துக்கு எக்ஸ்.பி.எஸ். வேண்டும். எக்ஸ்ரே பட்டுத் தெறிக்கும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளந்து, மேலே உள்ள பத்து நானோமீட்டருக்குள் குரோமியம் உலோகமாக இருக்கிறதா, ஆக்சைடாகவா என்று பிரித்துச் சொல்லும். துப்பாக்கி ரிப்போர்ட்டுக்கே 'படலச் சோதனை' என்று தலைப்புப் போட்டு விற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைவிடக் கொடுமை, சோதனைக்குப் போகும் துண்டு பளபளப்பாக இருக்கட்டும் என்று பஃபிங் போட்டு, அதாவது தேய்த்து மெருகேற்றி அனுப்புவது. சோதிக்க வேண்டிய படலமே போய்விட்டது, அப்புறம் காற்றில் புதிதாக வளர்ந்ததைத்தான் கருவி பார்க்கும். ஆர்டர் கொடுப்பவர்களும் 'ரிப்போர்ட் இணைக்கவும்' என்பார்கள், எதற்கான ரிப்போர்ட் என்று ஒருவரும் படிப்பதில்லை.

உங்களுக்கு எக்ஸ்.பி.எஸ். வேண்டாம். வெல்டிங் சூட்டில் நீலமும் பழுப்புமாக நிறம் மாறிய இடத்தில் அடியில் குரோமியம் குறைந்திருக்கும். சாதா இரும்பு தேய்த்த அதே கிரைண்டர் சக்கரம் பட்டிருந்தால் இரும்புத் துகளும் ஒட்டியிருக்கும். மேலே உப்புக்காற்று. பிக்ளிங் பேஸ்ட், அதாவது மேல்பரப்பை லேசாக அரித்துச் சுத்தமாக்கும் அமிலப் பசை போட்டு நன்றாகக் கழுவுங்கள். அதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டு, கையுறை இல்லாமல் பட்டறைப் பையனை அதைத் தொட விடாதீர்கள்.

இரும்புத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க மயில்துத்த (காப்பர் சல்பேட்) சோதனை உண்டு. துளி கந்தக அமிலம் சேர்த்த மயில்துத்தக் கரைசலில் ஆறு நிமிடம் நனைந்திருந்தால், இரும்பு இருக்கும் இடத்தில் செம்பு படியும். ஆனால் மீன் படுகிற மேசைமேல் இதைச் செய்யவே கூடாது. கழுவிவிட்டால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள், உணவு படும் பரப்புக்கு இந்தச் சோதனையே கிடையாது. அதே தகட்டின் வெட்டுத்துண்டில், அதே சக்கரத்தால் தேய்த்து, அதில் செய்து பாருங்கள். செம்பு படிந்தால் தகடு விற்றவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், முதலில் சக்கரத்தை மாற்றுங்கள்.