பேசிய தொகையும் டெலிவரி நேரத்துப் பேரமும்

வணக்கம் சார்,

பொள்ளாச்சியில் ஒரு மல்டி பிராண்ட் கார் ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் அட்வைசராக இருக்கிறேன். போன வாரம் ஒரு சின்ன பெட்ரோல் கார் கிளட்ச் வேலைக்கு வந்தது. வரியோடு 15,340 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டுக் கையெழுத்தும் வாங்கினேன். கியர்பாக்ஸை இறக்கிய பிறகு கிளட்ச் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் எண்ணெய் அழுத்தத்தில் கிளட்சைப் பிரிப்பது) கசிவதும், கிளட்ச் பிளேட் உரசும் ஃப்ளைவீல் சக்கரத்தில் சூட்டுத் தழும்பு இருப்பதும் தெரிந்தது. வண்டிக்காரரிடம் போனில் சொன்னேன். “சரிங்க, செஞ்சிருங்க” என்றார். பில் 18,880 வந்தது. சாயங்காலம் வண்டி எடுக்க வந்தவர், “பதினஞ்சுன்னுதானே பேச்சு? வெளியில பன்னெண்டுக்கே முடிச்சுத் தர்றாங்க” என்று சத்தம் போட்டார். மேனேஜர் கேபினிலிருந்து வந்தார். வேலை விவரம் எழுதிய ஜாப் கார்டைக்கூடப் பார்க்காமல், “பதினாறாயிரத்து ஐநூறு குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க சார்” என்று முடித்துவிட்டார். குறைந்த 2,380 ரூபாயை லேபர் கணக்கில் கழித்தார்கள். மெக்கானிக்குக்கும் எனக்கும் இன்சென்டிவ் அடிபடும். கேட்டால், “கஸ்டமரை விடக்கூடாது தம்பி” என்கிறார். மாதத்துக்கு நாலைந்து தடவை இப்படி நடக்கிறது. என்ன செய்யலாம்?

ஆர்., பொள்ளாச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் மேனேஜர் செய்தது தவறு. ஆனால் அவர் வெளியே வந்தபோது எடுத்துக் காட்ட உங்களிடமும் ஒன்றும் இல்லை. கையெழுத்து இருப்பது 15,340க்கு. மேற்கொண்டு வந்த 3,540 வெறும் வாய்ப்பேச்சு. “செஞ்சிருங்க” என்றவர் வேலைக்குத் தலையாட்டினாரா, தொகைக்கும் சேர்த்தா? போனில் தொகையைச் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. “சொன்னேன்” என்று மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள்.

கிளட்ச் வேலையில் எஸ்டிமேட் ஏறுவது சகஜம். கியர்பாக்ஸ் இறங்கும்வரை உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் முதல் எஸ்டிமேட்டிலேயே மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்கவேண்டும். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், லேபர் ஆகியவற்றுக்கு உறுதியான தொகை. பிரித்த பிறகே தெரியக்கூடியவை எவை, அவை தேவைப்பட்டால் ஒவ்வொன்றும் சுமாராக எவ்வளவு. மூன்றாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்: பிரித்த பிறகு வாடிக்கையாளர் வேண்டாம் என்றால், பழையபடி பூட்டித் தரும் கூலி எவ்வளவு. அது எழுதப்படாவிட்டால் கியர்பாக்ஸ் இறங்கிய வண்டியை வைத்துக்கொண்டு இரண்டு தரப்பும் விழிக்கவேண்டியதுதான். டூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவே ஸ்பிரிங் வைத்து இரண்டு பகுதிகளாக வருவது) உள்ள டீசல் வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதை லேத்தில் கொடுத்துச் சீவிச் சமாளிக்க முடியாது, மாற்றவேண்டியிருக்கும், தொகை எங்கேயோ போய்விடும். வண்டி உள்ளே வரும்போதே சொல்லிவிடுங்கள்.

கியர்பாக்ஸ் இறங்கியதும் வேலையை நிறுத்தி, வாட்ஸ்அப்பில் இரண்டு படங்களோடு இப்படி ஒரு செய்தி போகவேண்டும்:

“சார், கிளட்ச் சிலிண்டர் கசிகிறது, முதல் படம். ஃப்ளைவீலில் நீலத் தழும்பு, இரண்டாவது படம். சிலிண்டர் 2,200, ஃப்ளைவீல் லேத் வேலை 800, வரி 540. முன்பு சொன்ன 15,340 சேர்த்து மொத்தம் 18,880. உங்கள் பதில் வந்த பிறகுதான் வேலையைத் தொடர்வோம்.”

கூடுதல் தொகையை மட்டும் எழுதி, மொத்தத்தைக் கூட்டும் வேலையை அவரிடம் விடாதீர்கள். அவர் மனதில் பழைய பதினைந்துதான் உட்கார்ந்திருக்கும். காரணத்தையும் ஒரு வரியில் சேருங்கள். இந்த வகை சிலிண்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்குள் இருப்பது. இப்போது விட்டால் கசிகிற எண்ணெய் புது பிளேட்டில் பட்டு கிளட்ச் வழுக்கும், மறுபடி கியர்பாக்ஸை இறக்கி அதே லேபரை இன்னொரு முறை கொடுக்கவேண்டும். தழும்புள்ள ஃப்ளைவீலில் புது பிளேட்டைப் போட்டால் முதல் கியரில் வண்டி உதறிக்கொண்டு கிளம்பும். இதைப் படித்த பிறகும் வேண்டாம் என்றால் அது அவர் உரிமை. ஜாப் கார்டில் ‘சொல்லியும் வேண்டாம் என்றார்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அந்தப் பகுதிக்கு வாரண்டி கிடையாது என்பதையும் சேர்த்து.

வண்டியைக் கழுவ விடுவதற்கு முன் இன்னொரு போன். “வேலை முடிந்தது, மொத்தம் 18,880, ஆறு மணிக்கு வரலாம்.” சண்டை வருவதானால் அப்போதே, மத்தியானம் மூன்று மணிக்குப் போனிலேயே வந்துவிடும். ஆறு மணி கவுன்ட்டரில் பின்னால் நாலு பேர் நிற்கும்போது சத்தத்துக்குக் கிடைக்கும் மதிப்பு போனில் கிடைக்காது. பழைய உதிரிகளைப் பையில் போட்டு டிக்கியில் வையுங்கள். மாற்றினார்களா இல்லையா என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

இத்தனையும் செய்த பிறகும் ஒருவர் பேரம் பேசினால், அது மேனேஜரின் வேலை. அவர் ஜாப் கார்டைக் கையில் எடுத்து, உங்களையும் வாடிக்கையாளரையும் உட்கார வைத்து, ஒரே கேள்வி கேட்கவேண்டும்: “எந்த வரி சார்?” ஜிஎஸ்டியைச் சொல்லவில்லை, பில்லில் எழுதியிருப்பதில் எந்த வரி தப்பு? தப்பான வரி இருந்தால் அதை முழுசாக எடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்கவேண்டும். ஒப்புதல் வாங்காத வேலையும் தப்பான வரிதான். தப்பு இல்லையென்றால் அந்த வரி நிற்கும். உங்கள் இடத்தில் நடந்தது இரண்டும் இல்லை. சிலிண்டருக்கா, லேத்துக்கா, லேபருக்கா, எதற்காக அந்த 2,380 குறைந்தது என்று மேனேஜருக்கும் தெரியாது, பணம் கொடுத்தவருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போகிற வழியில் அவர் நினைப்பது இதுதான்: “ரெண்டு நிமிஷத்துல ரெண்டாயிரம் குறைச்சான்னா, முதல்லயே எவ்வளவு ஏத்தியிருப்பான்?” கஸ்டமரை விடக்கூடாது என்று மேனேஜர் செய்தது, நம்பிக்கையைத்தான் விட்டுவிட்டது.

“வெளியில பன்னெண்டு” என்பதற்குக் கோபப்படத் தேவையில்லை. வெறும் பிளேட்டை மட்டும் மாற்றி, பிரஷர் பிளேட்டையும் பேரிங்கையும் பழையதே பூட்டினால் பன்னிரண்டுக்கும் குறைவாகவே முடியும். அந்தப் பில்லில் என்னென்ன இருந்தது என்று தன்மையாகக் கேட்டால் போதும்.

கணக்கைப் பார்ப்போம். வரிக்கு முன் பில் 16,000. பாகங்கள் 10,000, லேபர் 6,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாகங்களின் கொள்முதல் 8,500. லேபரில் ஆள் கூலி, வாடகை, கரண்ட் எல்லாம் 4,500. கடைக்கு நிற்பது 3,000. அதில் 2,380 போனால் மிச்சம் 620. இந்த வேலையின் லாபத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்டம். பில் போட்ட பிறகு வாயால் குறைத்தது என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி முழு 16,000க்கும், அதாவது 2,880 ரூபாய், கட்டியாகவேண்டும். பில் போடுவதற்கு முன் தள்ளுபடி என்று தனி வரியாகக் காட்டியிருந்தால் மதிப்பில் 2,017 குறைந்து, ஜிஎஸ்டியில் 363 மிஞ்சியிருக்கும். குறைப்பது என்றே முடிவானாலும் இந்த வரிசை முக்கியம். கேபினிலிருந்து வருகிறவருக்கு பில் ஏற்கெனவே அடித்தாகிவிட்டதா என்பதே தெரிந்திருக்காது.

இந்த இழப்பை வேறு யாரோ கட்டுகிறார்கள். மாதம் ஐந்து தடவை இப்படி நடந்தால் அட்வைசர்கள் தாமாகவே எஸ்டிமேட்டில் பத்து சதவீதம் ஏற்றிப் போட ஆரம்பிப்பார்கள். சத்தம் போடுகிறவர் அதைக் குறைத்துக்கொண்டு போவார். பேசாமல் பணத்தை எண்ணி வைக்கிற பள்ளிக்கூட வாத்தியார் முழுசாகக் கொடுப்பார்.

சட்டத்தில் இரண்டு இடங்களை மேனேஜருக்குச் சொல்லுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 63ஆவது பிரிவுப்படி, வரவேண்டியதில் ஒரு பகுதியைத் தள்ளிக்கொடுக்க உரியவருக்கு உரிமை உண்டு. அதற்குக் கைம்மாறு எதுவும் தேவையில்லை. கடையின் சார்பில் பேசும் மேனேஜர் “கொடுத்துட்டுப் போங்க” என்று வாங்கிக்கொண்டால் அதோடு சரி. மறுநாள் மீதியைக் கேட்டுப் போன் செய்ய முடியாது. அதே சட்டத்தின் 170ஆவது பிரிவு, உழைப்போ திறமையோ செலவிட்டு வேலை செய்தவர் கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்திருக்கலாம் என்கிறது. அந்த வேலைக்கான கூலிக்கு மட்டும்தான். போன வருஷப் பாக்கிக்கு இதைப் பிடித்து வைக்க முடியாது. ஒப்படைத்த நோக்கத்துக்கு உட்பட்ட வேலையாகவும் இருக்கவேண்டும் என்பதால், ஒப்புதல் இல்லாத வேலைக்கு இதை நம்பி நிற்காதீர்கள். உண்மையிலேயே மனக்குறை உள்ளவர் ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று பில்லில் எழுதிப் பணம் கட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தேசிய உதவி எண் 1915. அந்த எண்ணைக் கவுன்ட்டரிலேயே ஒட்டி வைக்கலாம். ஒளிக்க ஒன்றுமில்லாத கடை அது என்று ஆகட்டும்.

இனி நீங்கள் செய்யவேண்டியது. வாடிக்கையாளர் முன்னால் மேனேஜரை மறுத்துப் பேசாதீர்கள். ஜாப் கார்டையும் வாட்ஸ்அப் பதிலையும் அவர் வாய் திறப்பதற்கு முன் அவர் கையில் கொடுங்கள். ஒரு நோட்டில் தேதி, ஜாப் கார்டு எண், எஸ்டிமேட், ஒப்புதல் எப்படி வந்தது, குறைத்த தொகை, எந்த வரிக்கு, குறைத்தவர் யார் என்று எழுதிவாருங்கள். இரண்டு மாதம் போதும். அதைப் புகாராக எடுத்துப்போகாமல் கணக்காக முதலாளியிடம் வைத்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: நல்லெண்ணத்துக்குக் குறைக்கும் தொகை லேபர் கணக்கில் கழியாமல் தனித் தலைப்பில் போகட்டும், மாதத்துக்கு ஒரு வரம்போடு, மேனேஜர் பெயரில். உதாரணத்துக்கு 5,000 என்று வையுங்கள். வரம்பு பத்தாம் தேதியே தீர்ந்துவிட்டால், பதினொன்றாம் தேதி அவரே ஜாப் கார்டை வாங்கிப் படிப்பார்.